10,000 காலடி, 8 குவளை, 21 நாள்: அன்றாடப் பழக்கங்களுக்குப் பின்னால் உள்ள கணக்கு

இரவு மணி பத்து. கைபேசியில் ஸ்டெப்ஸ் எண்ணிக்கை 6,200-ல் நிற்கிறது. 10,000 ஆகவில்லையே என்று வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடப்பவர்கள் நிறையப் பேர். தாகம் இல்லாவிட்டாலும் எட்டுக் குவளைக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று தண்ணீர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று நம்பித் தொடங்கி, 22-ஆம் நாளும் அது இயல்பாக வராததால் ‘நமக்கு மன உறுதி போதாது’ என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

இந்த எண்கள் எங்கே பிறந்தன, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது, எதைப் பற்றிக் கவலைப்படாமல் விடுவது என்பது பிடிபடும்.

மூன்று எண்களும் வந்த வழி

1. 10,000 காலடி. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ‘மன்போ-கெய்’. ‘10,000 காலடி மானி’ என்று பொருள். கருவிக்கு வைத்த பெயர்தான் பிறகு உலகத்துக்கே இலக்காகிவிட்டது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 72 வயதான 16,000-க்கும் மேற்பட்ட பெண்களின் நடையைக் கணக்கிட்டார்கள். நாளுக்கு ஏறத்தாழ 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. கூடக்கூட நன்மையும் கூடி, 7,500 அளவில் சமநிலைக்கு வந்துவிட்டது. இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு. ஏற்கெனவே நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் நடக்கிறார்கள் என்பதும் கணக்கில் ஓரளவு கலந்திருக்கலாம். இருந்தாலும் ஒன்று தெளிவு: மிகக் குறைவாக நடப்பவர் கொஞ்சம் கூட்டும்போது கிடைக்கும் பலன்தான் பெரியது.

2. 8 குவளைத் தண்ணீர். அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் 1945-இல் பெரியவர்களுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் நீர் என்ற அளவைச் சொன்னது. இந்த எட்டுக் குவளை அங்கிருந்து வந்ததாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்தப் பரிந்துரையிலேயே, இந்த நீரில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரி உதிர்ந்துபோய், லிட்டர் மட்டும் நின்றுவிட்டது.

3. 21 நாள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக ‘குறைந்தது’ 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ தொலைந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்துக்கொண்ட காலம் 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. நடுத்தர அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. ஒரு நாள் விட்டதும் எல்லாம் போயிற்று என்று கைவிடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான தகவல் வேறு இல்லை.

பழக்கம் என்பது எது?

தினமும் செய்வதெல்லாம் பழக்கம் ஆகாது. யோசிக்காமலே நடப்பதுதான் பழக்கம். ஒரு சூழலில் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, முடிவெடுக்கும் வேலை மூளையின் முன்பகுதியிலிருந்து மெல்ல நகர்ந்து, ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா என்ற பகுதியின் பொறுப்புக்குப் போகிறது. அதன் பிறகு சூழலே செயலை இழுத்துவந்துவிடும். அந்தச் சூழலைத் ‘தூண்டல்’ என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன.

1. தூண்டல் என்பது கடிகார நேரமாக இருப்பதைவிட ஏற்கெனவே நடக்கும் ஒரு நிகழ்வாக இருப்பது நல்லது. ‘ஏழு மணிக்கு’ என்றால் மணியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘பல் துலக்கி பிரஷை வைத்ததும்’ என்றால் கையே நினைவூட்டும். ஒரு வேலை முடியும் நொடி நல்ல கொக்கி. நடுவில் மாட்டினால் நழுவிவிடும்.

2. ‘இனிமேல் உடற்பயிற்சி செய்வேன்’ என்பது விருப்பம். ‘சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் செருப்பைப் போடுவேன்’ என்பது திட்டம். ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே கட்டிவைக்கும் இந்த முறையை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் விரிவாக ஆராய்ந்தார். வெறும் எண்ணத்தைவிட இப்படிக் கட்டிய திட்டம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரியவந்தது.

3. அளவை நல்ல நாளை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. வேலை குவிந்து, தூக்கம் கெட்டு, தலைவலியோடு வீடு திரும்பும் நாளிலும் செய்ய முடிகிற அளவே சரியான அளவு. மற்ற நாட்களில் கூடுதலாகச் செய்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

சாப்பிட்ட பின் பத்து நிமிடம்

ஒரே ஒரு பழக்கம்தான் என்னால் முடியும் என்பவர்களுக்கு, பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்லலாம். கொடுக்கும் நேரம் குறைவு. பலன் அன்றைக்கே தொடங்குகிறது.

உணவில் உள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் ஏறுகிறது. பொதுவாகச் சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தை ஒட்டி அது உச்சத்தைத் தொடும். அந்தச் சர்க்கரை தசைக்குள் போக வாசல் திறக்க வேண்டும். தசைச் செல்லுக்குள் குளூட்-4 என்ற கடத்திப் புரதங்கள் மடித்து வைத்த கதவுகள்போலக் கிடக்கின்றன. இன்சுலின் வந்து சொன்னால் அவை செல்லின் மேற்பரப்புக்கு வந்து வாசலாக நிற்கும். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் கட்டளை இல்லாமலேயே இந்தக் கதவுகள் மேலே வருகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இந்த வழி பெருமளவு திறந்தே இருக்கிறது. நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் மாறிமாறிச் சுருங்குகின்றன. உடம்பின் மிகப் பெரிய தசைகளில் சில அங்கேதான் இருக்கின்றன.

செய்யும் முறை:

1. சாப்பிட்டு முடித்து அரை மணிக்குள் கிளம்ப வேண்டும். சர்க்கரை உச்சிக்குப் போய் இறங்கிய பிறகு நடந்தாலும் நல்லதுதான், ஆனால் உச்சியைத் தட்டும் வேலை நடக்காது.

2. 10 முதல் 15 நிமிடம். பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும். பாட முயன்றால் மூச்சு வாங்க வேண்டும். அதுதான் வேகம்.

3. மூன்று வேளையும் முடியாவிட்டால் இரவு உணவுக்குப் பிறகு. மாலை, இரவு நேரங்களில் பொதுவாக இன்சுலினுக்கு உடம்பு காலையைப்போல ஈடுகொடுப்பதில்லை. சாப்பிட்டவுடன் உட்காருவதும் படுப்பதும் அப்போதுதான் அதிகம்.

2013-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதை நேரடியாகப் பார்த்தது. சர்க்கரை அளவு சற்றுக் கூடுதலாக இருந்த முதியவர்கள் 10 பேர் ஒருமுறை தொடர்ந்து 45 நிமிடம் நடந்தார்கள். இன்னொரு முறை ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தார்கள். மொத்த நேரம் ஒன்றே. இரவு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைக் குறைத்தது பிரித்து நடந்ததுதான். பத்தே பேர் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் தசை வேலை செய்யும் விதத்தோடு இது ஒத்துப்போகிறது.

என்ன தவறு நடக்கிறது? முதல் தவறு வேகம். வயிறு நிறைந்திருக்கும்போது ஓடினாலோ குனிந்து நிமிர்ந்தாலோ இரைப்பை அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் வரும். இரண்டாவது, ‘நடந்தாயிற்றே’ என்று இன்னொரு முறை பரிமாறிக்கொள்வது. 15 நிமிட நடையில் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 50 முதல் 70 கிலோகலோரிதான்; இரண்டு வாயில் திரும்பி வந்துவிடும். இன்சுலின் ஊசியோ சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது அவசியம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தால் உடனே நின்று மருத்துவ உதவி தேட வேண்டும்.

வெளியே போக முடியாத இடத்தில் குதிகால் உயர்த்தலாம். சுவரில் விரல் நுனிகளை வைத்து நேராக நிற்கவும். இரண்டு குதிகாலையும் இரண்டு நொடியில் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்கவும். கால் பெருவிரலின் அடியில் எடை இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் கணுக்கால் பிசகும். 15 முறை செய்து, ஒரு நிமிடம் விட்டு இன்னொரு 15.

நாற்காலியில் கழியும் நேரம்

1953-இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். இரண்டு அடுக்குப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் ஒரு பணிநாளில் 500 முதல் 750 படிகள் ஏறுவார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் கணிசமாகக் குறைவு, வந்தாலும் கடுமை குறைவு. இதில் மதிக்க வேண்டிய விஷயம், மோரிஸ் அதோடு நிற்கவில்லை. சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து, ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பெருத்தவர்களாக இருந்தார்கள் என்பதையும் 1956-இல் அவரே எழுதினார். வித்தியாசம் முழுவதும் படிக்கட்டால் வந்ததல்ல. ஆனால் உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பிந்தைய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதிசெய்தன.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் திருத்திய பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி என்கிறது. ஒருமுறைக்குக் குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அதில் நீக்கிவிட்டார்கள். இரண்டு நிமிடம் படி ஏறியதும் கணக்கில் சேரும். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடப்பதற்கு இது போதுமான காரணம்.

தசைப் பயிற்சி என்றதும் எடைக்கல்லை நினைக்க வேண்டாம். ஒரு நாற்காலி போதும்:

1. சக்கரம் இல்லாத, மெத்தை அதிகம் அமுங்காத, முழங்கால் உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடவும்.

2. இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்து வைக்கவும். கைகள் மார்பின் மீது குறுக்காக.

3. மூச்சை வெளியே விட்டபடி எழவும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

4. மூன்று நொடி எண்ணிக்கொண்டு உட்காரவும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பொத்தென்று விழுந்தால் இறங்கும் வேலையைத் தசை செய்யவில்லை, புவியீர்ப்பு செய்துவிட்டது என்று அர்த்தம். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் அந்த மூன்று நொடியில்தான் பயிற்சியின் பாதி இருக்கிறது.

8 முதல் 10 முறை, இரண்டு சுற்று. முழங்கால் உள்பக்கம் மடங்கினால் தொடையை வெளிப்பக்கம் தள்ளிப் பிடிக்கவும். அப்படியும் வலித்தால் நாற்காலியின் மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டலாம். நடுத்தர வயதிலிருந்தே தசை மெல்லக் கரைந்துகொண்டு வருகிறது. முதுமையில் கழிவறையிலிருந்து தானாக எழ முடிகிறதா, பிறர் கை வேண்டுமா என்பதை இந்தத் தொடைத் தசைதான் தீர்மானிக்கும்.

தூக்கத்தைக் காலையில் சரிசெய்வது

தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் அடினோசின் என்ற பொருள்; அது சேரச்சேரத் தூக்கம் அழுத்தும். மற்றொன்று உயிர்க்கடிகாரம், ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சி. அதை ஒவ்வொரு நாளும் திருத்திவைப்பது வெளிச்சம். இரவில் தூக்கம் வரவில்லை என்று இரவிலேயே தீர்வு தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் பகலில் கெடுத்துவைத்திருப்பார்கள்.

காப்பி, தேநீரில் உள்ள கஃபீன், அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோர்வு தீர்வதில்லை, சோர்வு தெரிவது மட்டும் மறைகிறது. கஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய சராசரி ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை ஐந்து மணிக்குக் குடித்த 100 மில்லிகிராமில் 50, இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் ஓடும். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. அது பெரிய அளவுதான், இரண்டு மூன்று கோப்பைக்கு மேல். என்றாலும் ‘எனக்குக் காப்பி ஒன்றும் செய்யாது’ என்பவர்கள் இரண்டு வாரம் மதியத்தோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது. திடீரென்று முழுதாக நிறுத்தினால் ஓரிரு நாள் தலைவலி வரும். அளவைப் படிப்படியாகக் குறைக்கவும்.

வெளிச்சத்துக்கு வருவோம். வீட்டு அறையில் விளக்கு போட்டிருக்கும்போது கிடைப்பது 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகம் மூடிய நாளிலும் வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும்; நல்ல வெயிலில் பல பத்தாயிரம். கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் பாவை சுருங்கிச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் விழித்திரையில் பார்வைக்காக அல்லாமல் வெளிச்ச அளவை மட்டும் உயிர்க்கடிகாரத்துக்குச் சொல்லும் செல்கள் தனியாக உண்டு. அவற்றுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். எழுந்து ஒரு மணிக்குள் 10 முதல் 20 நிமிடம் வெளியே நில்லுங்கள், நடங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, தேவையும் இல்லை.

படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வைப்பது எளிது, பலனும் அதிகம். விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் அன்று இரவு அடினோசின் போதுமான அளவு சேராது, கடிகாரமும் தள்ளிப்போகும். அடுத்த நாள் காலை எழவே கஷ்டமாக இருப்பது அதனால்தான். இன்னொரு பொதுவான தவறு, தூக்கம் வராமலே சீக்கிரம் போய்ப் படுப்பது. புரண்டுகொண்டே கிடக்கும் இரவுகள் கூடினால் படுக்கையே விழிப்புக்குத் தூண்டலாகிவிடும். ஏறத்தாழ 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புங்கள்.

தண்ணீர், உப்பு, பல்

தாகம் எடுத்தால் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் சேர்ந்திருக்கிறது. முதியவர்களுக்குத் தாக உணர்வு மங்குவதால் அவர்கள் ஒவ்வொரு வேளை உணவோடும் ஒரு குவளை என்று வைத்துக்கொள்ளலாம். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவே அளவு. குறுகிய நேரத்தில் அளவுமீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையலில் போடும் உப்பைவிடப் பொட்டல உணவில் ஒளிந்திருப்பதைத்தான் நாம் எண்ணுவதில்லை. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். ஒரேயடியாகக் குறைத்தால் சாப்பாடே பிடிக்காமல் போகும், மெல்லக் குறைக்கவும். நார்ச்சத்தும் அப்படியே: இலக்கு நாளுக்கு 25 கிராம், ஆனால் ஒரே வாரத்தில் எட்டிப்பிடித்தால் வயிறு உப்பும்.

பல் துலக்குவது இரண்டு வேளை, இரண்டு நிமிடம். துலக்கியதும் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பற்பசையில் உள்ள, பல்லைக் காக்கும் ஃபுளோரைடு கழுவிப் போய்விடும்; நுரையைத் துப்பினால் போதும். புளிப்பான பழமோ பானமோ சாப்பிட்ட உடனே துலக்கக் கூடாது. அமிலத்தால் இளகியிருக்கும் எனாமலை பிரஷ் தேய்த்துவிடும். அரை மணியாவது பொறுக்கவும்.

பழக்கத்தால் தீராதவை

நன்றாகத் தூங்கி, நடந்து, சாப்பிட்டும் சில வாரங்களாகச் சோர்வு விடவில்லை என்றால், அது பழக்கத்தின் குறையாக இல்லாமல் இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, மனச்சோர்வு எல்லாமே முதலில் வெறும் அசதியாகத்தான் தலைகாட்டும். உரத்த குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, திணறி மீள்வதாக வீட்டார் சொன்னால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, தணியாத தாகம், படியேறும்போது புதிதாக வரும் மூச்சுத்திணறல் ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாது, அளந்தால்தான் தெரியும். வீட்டில் அளப்பவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் எண்ணைக் கூட்டியே காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் தோலின் மேல் சுற்றி, கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். தொங்கவிட்டால் அளவு கூடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதிய தாள், ஒரே ஒரு தடவை மருத்துவமனையில் பார்த்த எண்ணைவிட மருத்துவருக்கு அதிகம் பயன்படும்.